பூட்டு வீட்டு அவுலியா

போன வாரம் லீவு நாளில் என்னை மலைக்குக் கூட்டிக்கொண்டு போனார்கள். கூட்டிக்கொண்டு போனார்கள் என்பது மரியாதைக்குச் சொல்வது. பிரியாணிச் சட்டி, ஐஸ் பெட்டி, மடக்கு நாற்காலி, அவற்றோடு நான். மகள் வீடு அஜ்மானில். மருமகன் தினமும் துபாய் வரைக்கும் வண்டி ஓட்டிப் போய் வேலை பார்த்துவிட்டு வருகிறவர். வாரம் முழுக்க ரோட்டில் கிடந்தவருக்கு லீவு கிடைத்ததும் எங்கே போக ஆசை வரும்? இன்னொரு ரோட்டுக்குத்தான். ராஸல் கைமா தாண்டி மலை மேலே குளிர் அடிக்கிறதாம், அதைப் போய் அனுபவிக்க வேண்டுமாம். வீட்டில் ஏசியைக் கூட்டி வைத்தால் அந்தக் குளிர் வராதா என்று எனக்குத் தோன்றியது. தோன்றியதையெல்லாம் நான் சொல்வதில்லை.

மலைக்கு இப்போது வழவழவென்று தார் ரோடு. மேலே கார் நிறுத்த ஒரு மைதானம், காப்பி விற்கிற கண்ணாடிக் கூண்டு, மனிதர்களைக் கம்பியில் தொங்கவிட்டு இந்த மலையிலிருந்து அந்த மலைக்குத் தள்ளிவிடுகிற ஒரு விளையாட்டு. காசு கொடுத்துவிட்டு அலறிக்கொண்டு போகிறார்கள். ஊரில் எங்கள் பக்கத்து வீட்டு ஆடு கிணற்றில் விழுந்தபோது இதைவிட மானமாகக் கத்தியது.

கொஞ்சம் தள்ளிக் கயிறு கட்டி ஒரு பலகை நட்டிருந்தார்கள். அரபியிலும் இங்கிலீஷிலும் இருந்ததை மருமகன் போனைக் காட்டித் தமிழாக்கி வாசித்தார். ஆதி காலத்துக் குடியிருப்பாம், அதற்குப் பின்னால் வந்த விவசாயிகளின் வீடும் வயலுமாம். சரிவு முழுக்கப் படிப்படியாகக் கல் வரப்பு. வரப்புக்கு உள்ளே மண், மண்ணில் ஒன்றும் இல்லை. அங்கங்கே கல் குவியல். என் பேரன் எல்லாவற்றையும் ஒரே பார்வையில் முடித்துவிட்டு, "ஜஸ்ட் ராக்ஸ், நன்னிம்மா," என்றான்.

"இங்க பார்லி வெதச்சாக வாப்பா," என்றேன்.

"வாட் இஸ் பார்லி?"

மகள்தான் பதில் சொன்னாள். "நன்னிம்மா சுகருக்குக் கஞ்சி குடிக்கிறாங்கள்ல, அந்த பாக்கெட்."

பாக்கெட். அவ்வளவுதான் பார்லி. பால்கனியில் ஒரு தொட்டி வைத்து, அதில் நான்கு இலை விட்ட கறிவேப்பிலையைப் படம் எடுத்து ஊருக்கு அனுப்புகிற விவசாயி அவள். அவளிடம் என்ன பேசுவது?

மடக்கு நாற்காலியை விரித்துக்கொண்டிருந்தபோதுதான் அந்தப் பள்ளத்தைப் பார்த்தேன். பாதி மண்ணுக்குள் இறங்கிய கல் அறை. கூரை விழுந்துவிட்டது. வாசல் மட்டும், ஒரு ஆள் குனிந்து தவழ்ந்து போகிற உயரத்துக்கு, அப்படியே நிற்கிறது. உள்ளே ஒரு பையன் கயிற்றைத் தாண்டி இறங்கி, உதட்டைக் குவித்துத் தன்னைத்தானே படம் எடுத்துக்கொண்டிருந்தான். அந்த வாசலை எனக்குத் தெரியும். ஒரு காலத்தில் அதற்கு முன்னால் செருப்பைக் கழற்றிவிட்டு, தலை முக்காட்டை இழுத்துவிட்டு, இரண்டு கையும் ஏந்தி நின்றிருக்கிறேன்.

நான் சபையில் வாய் திறக்காதவள். கல்யாண வீட்டில் தூணோடு தூணாக உட்கார்ந்திருப்பேன். அஞ்சாவதோடு பள்ளிக்கூடம் நின்றது, பேச்சு அதற்கும் முன்னாலேயே நின்றுவிட்டது. பேசாதவள் நல்லவள் என்று எல்லாரும் முடிவு கட்டிக்கொள்கிறார்கள். உள்ளே என்ன ஓடுகிறதென்று அவர்களுக்குத் தெரிந்தால் எனக்குச் சோறு போடமாட்டார்கள். உங்களிடம் சொல்வதற்கென்ன.

எங்கள் வீட்டுக்காரரும் அவருடைய காக்காவும், அதாவது அண்ணனும், ராஸல் கைமாவில் ஒரு மளிகைக் கடை வைத்திருந்தார்கள். மலை அடிவாரத்தில், பேரீச்சந்தோட்டங்கள் முடிகிற இடத்தில். கடைக்குப் பின்னால் இரண்டு அறை, நடுவில் ஒரு திரை. ஒரு அறை காக்காவுக்கும் அவர் பெண்சாதி ஜொஹரா ராத்தாவுக்கும், ஒரு அறை எங்களுக்கும். அந்த ஒற்றை அறைக்கு நான் வந்து சேர்ந்த பாடு எனக்குத்தான் தெரியும். கல்யாணமான புதிதில் ஒரு லீவு முழுக்கக் கூட இருந்துவிட்டுப் போன மனுஷன், அப்புறம் கடிதாசியாகவும் கேசட்டாகவும்தான் வந்துகொண்டிருந்தார். டேப்ரிக்கார்டருக்குள் இருந்து, "சாப்டியா புள்ள?" என்பார். நான் பதில் சொல்லாமல் அந்தப் பெட்டியையே பார்த்துக்கொண்டிருப்பேன். மாமியார் கதவுக்கு வெளியே நின்று கேட்பாள். அப்படி வருஷக்கணக்கில் கிடந்தபிறகு ஃபேமிலி விசா கிடைத்து இங்கே வந்தவள் நான். கடை இருந்தால் விசா. விசா இருந்தால் நான் அவரோடு. இல்லையென்றால் மறுபடி டேப்ரிக்கார்டர். இதை நீங்கள் ஞாபகத்தில் வைத்துக்கொள்ளவேண்டும்.

கடையின் லைசென்ஸ் எங்கள் பேரில் கிடையாது. உள்ளூர் அரபி ஒருவர் கபீலாக நிற்கவேண்டும், அவர் கையெழுத்தில்தான் கடையும் நம் விசாவும் நடக்கும். எங்கள் கபீலை அர்பாப் என்போம், முதலாளி என்று அர்த்தம். மலைக்காரர். ஒல்லி உடம்பு, சுருங்கின கண், கையில் எப்போதும் ஒரு நீளக் கம்பு. கம்பின் நுனியில் விரல் நீளத்துக்கு ஒரு குட்டிக் கோடாரி. மலைக்காரர்கள் எல்லாரும் அதை வைத்திருப்பார்கள். வெயில் காலத்தில் கீழே வந்து பேரீச்சம்பழம் அறுப்பார், மழை மேகம் கூடினால் மேலே ஏறிப்போய் பார்லி விதைப்பார். அவர் மகன்கள் போலீசிலும் பட்டாளத்திலும் சேர்ந்து கீழே ஏசி போட்ட வீட்டில் இருந்தார்கள். "வாங்க வாப்பா கீழே" என்று கூப்பிட்டுக்கொண்டே இருந்தார்கள். இவர் மட்டும் கழுதையை ஓட்டிக்கொண்டு வருஷா வருஷம் மேலே போனார்.

இனி எங்கள் காக்காவைப் பற்றிச் சொல்லவேண்டும். அவரை எல்லாரும் ஹாஜியார் என்பார்கள். இங்கிருந்து பஸ்ஸில் போய் ஹஜ் செய்துவிட்டு வந்தார். ஹஜ் பெரிய காரியம், நான் அதைச் சொல்லவில்லை. அதைச் சட்டைப் பையில் பேனா குத்துகிற மாதிரிக் குத்திக்கொண்டு திரிந்ததைச் சொல்கிறேன். தாடிக்கு மருதாணி, தோளில் சால்வை, பருப்பு நிறுக்கும்போதும் ஒரு அரபி வாசகம். அரபி என்றால் அவருக்கு ஓதத் தெரியும். எங்கள் ஊர்க்காரர்கள் எல்லாருக்கும் அப்படித்தான். குழந்தையிலேயே உஸ்தாது பிரம்பை வைத்துக்கொண்டு ஓதக் கற்றுக்கொடுத்துவிடுவார், ஒரு எழுத்து பிசகாது. ஆனால் அரபிக்காரன் எதிரே வந்து "தண்ணி கொடு" என்றால் முழிப்போம். ஓதத் தெரிந்ததைப் பேசத் தெரிந்ததாக நினைத்துக்கொண்டவர் எங்களில் ஹாஜியார் ஒருத்தர்தான். எங்கள் வீட்டுக்காரர் பாவம், ஓதுவது சுமார். கடைத்தெரு அரபியும் இந்தியும் கலந்து எல்லாரிடமும் காரியம் முடித்துவிடுவார். ஆனால் காக்கா முன்னால் வாய் திறக்கமாட்டார். தம்பி என்றால் அப்படித்தான் இருக்கவேண்டுமாம்.

ஒரு வெள்ளிக்கிழமை அர்பாபுக்கு அரிசியும் மண்ணெண்ணெயும் கொண்டு போய்க் கொடுக்க பிக்கப்பில் மலைக்குப் போனோம். அப்போது தார் ரோடு ஏது, ஓடைக்குள்ளேயே வண்டி ஏறும். முன்னால் ஆண்கள், பின்னால் மூட்டைகளோடு ராத்தாவும் நானும். மேலே போய் இறங்கினால் எலும்பெல்லாம் இடம் மாறியிருக்கும். அங்கே ஒரு செடி உண்டு, சாம்பல் பூத்த இலை, காலில் பட்டால் ஒரு கசப்பு வாசம் வரும். அந்த வாசத்தோடுதான் நான் அந்த இடத்தை முதலில் பார்த்தேன். படிப்படியாக வயல். வரப்பு ஒவ்வொன்றும் ஆள் ஒருவர் தனியாகத் தூக்க முடியாத கல். மழைத் தண்ணீரைச் சரிவிலிருந்து வயலுக்குத் திருப்பக் கல் அடுக்கி வாய்க்கால். அந்தக் கரட்டில் இப்படி மண்ணைச் சேர்த்து வைத்தது யாரென்று அர்பாபை எங்கள் வீட்டுக்காரர் கேட்டார். "என் பாட்டன், அவன் பாட்டன்," என்றார் அர்பாப். தள்ளி இருந்த கல் குவியல்களையும் வட்டங்களையும் காட்டினால் கையை விரித்தார். அது அவருடைய ஆட்களுக்கும் முந்தினவர்களுடையதாம். பேர் தெரியாதாம்.

ஹாஜியாருக்கு வயலும் வரப்பும் எதற்கு? அவர் கண் அந்தக் கல் அறையில் விழுந்தது. பாதி பூமிக்குள், மேலே பெரிய பெரிய பலகைக் கல் அடுக்கி மண் மூடிய கூரை. சின்னஞ்சிறு மரக்கதவு, அதில் மரத்தாலேயே செய்த பெரிய பூட்டு. ஜன்னல் கிடையாது. "இது என்ன?" என்று சுத்தமான உச்சரிப்பில் கேட்டார். அர்பாப், "பைத்துல் குஃப்ல்," என்றார். பைத் என்றால் வீடு, குஃப்ல் என்றால் பூட்டு. பூட்டு வீடு. கீழே இறங்கிப் போகிற காலத்தில் விதைத் தானியத்தை உள்ளே வைத்துப் பூட்டிவிட்டுப் போகிற களஞ்சியம். இதெல்லாம் எங்களுக்குப் பின்னால் தெரிந்தது.

ஹாஜியார் காதில் விழுந்தது பைத்துல் கபுர்.

கபுர் என்றால் எங்களுக்கு மய்யித்தை, செத்த உடம்பை, அடக்கின குழி. அது போதாதா? சால்வையைத் தலையில் போட்டுக்கொண்டார், கண்ணை மூடினார், கையை ஏந்தினார், முழு ராகத்தோடு ஓத ஆரம்பித்துவிட்டார். அர்பாபுக்கு ஒன்றும் விளங்கவில்லை. விதைக்கு நல்ல மழை கேட்டு இந்த மளிகைக்காரர் துஆ செய்கிறார் என்று நினைத்திருப்பார். முடிந்ததும் மனசார, "ஆமீன்," என்றார். அந்த ஆமீன்தான் எங்கள் தலையில் விழுந்த கல்.

திரும்பி வரும்போது ஹாஜியார் வண்டியை நிறுத்திப் பின்னால் வந்து சொன்னார். "ஜொஹரா, பாத்தியா? இந்தக் காட்டு மலையில ஒரு அவுலியா அடங்கியிருக்காக. எத்தன நூறு வருசமோ. கபீலே ஆமீன் சொல்லிட்டாக."

"ஆத்தாடி! பேரென்னங்க அவுகளுக்கு?" என்றாள் ராத்தா. அவுலியா என்றால் எங்களுக்கு இறைநேசர், அடங்கின இடத்தில் தர்கா எழும்பும்.

"பேரு வெளிப்படுத்தல. வெளிப்படுத்தும்போது தெரியும்."

எங்கள் வீட்டுக்காரர் மெதுவாக, "காக்கா, அவரு சொன்னது வேற மாதிரி கேட்டுச்சே," என்றார்.

"நீ ஓதி முடிச்சவனாடா?"

அவ்வளவுதான். அவர் போய் வண்டியைக் கிளப்பினார்.

வெயில் காலம் வந்து அர்பாப் கழுதையோடு கீழே தோட்டத்துக்கு இறங்கினார். மலை காலியானது. எங்கள் ஆட்களுக்குக் கேட்கவா வேண்டும்? ஹாஜியார் கடையில் சோப்பு வாங்க வந்தவனிடமெல்லாம் அவுலியா கதை சொன்னார். ஊரை விட்டு வரும்போது நம் ஆட்கள் ஊறுகாய் கொண்டு வருவார்கள், கருவாடு கொண்டு வருவார்கள், அதோடு ஒரு தர்காவையும் பெட்டியில் கட்டிக்கொண்டு வந்து, இறக்கி வைக்க இடம் தேடிக்கொண்டே இருந்திருப்பார்கள் போல. இடம் கிடைத்தது. வெள்ளிக்கிழமை தவறாமல் இரண்டு பிக்கப், மூன்று பிக்கப். கேம்ப்பில் இருந்து மேஸ்திரிகள், ஷார்ஜாவில் இருந்து எங்கள் ஊர் டெய்லர் குடும்பம். கதவுக்குப் பச்சைத் துணி. ஊதுபத்தி. நிலையில் சந்தனம். பூட்டிலும் சந்தனம், ஒவ்வொருத்தரும் ஒரு விரல் அப்பினார்கள். அவுலியாவுக்குப் பேர் வெளிப்படவில்லை என்பதால் சனங்களே மலையப்பா என்று பேர் வைத்துக்கொண்டார்கள்.

என்னென்ன கேட்டார்கள் தெரியுமா? டெய்லர் பெண்சாதி தையல் மிஷினுக்கு வேலை குறையக்கூடாது என்று கேட்டாள். ஒரு மேஸ்திரி ஓவர்டைம் கேட்டான். ராத்தா சத்தமாகவே கேட்டாள்: "மலையப்பா, எங்க கபீலு மனசு மாறாம விசா அடிச்சுக் குடுக்கணும்." கபீலின் பார்லிக் குதிரிடம் கபீலைப் பற்றியே சிபாரிசு. நான் என்ன கேட்டேன் என்று கேட்பீர்கள். நானும் அதையேதான் கேட்டேன், மனசுக்குள். சத்தம் வராததால் நான் புத்திசாலி என்று அர்த்தமா? அதே மந்தையில் கடைசி ஆடு.

வணங்கி முடிந்ததும் சாப்பாடு. கூரைக்குப் பக்கத்தில் சாப்பிட்டால் அவுலியாவுக்கு மரியாதைக் குறைவு என்று ஹாஜியார் தள்ளிப் போய் உட்காரச் சொல்லுவார். அங்கே வசதியாக வட்டவட்டமாகக் கல் குவியல்கள் இருந்தன. ஆளுக்கொரு குவியலில் ஏறி உட்கார்ந்து நெய்ச்சோறும் தாளிச்சாவும். எலும்பைக் கடித்துக் கல் இடுக்கில் போடுவார்கள். குழந்தைகளை அங்கேயே ஒதுக்குப்புறமாக உட்கார வைப்பார்கள். எச்சில் கையைக் கல்லில் துடைத்துவிட்டு, "என்னா காத்து! என்னா பரக்கத்து!" என்பார்கள்.

அது போதாதென்று கந்தூரி நடத்தவேண்டும் என்று கிளம்பினார் ஹாஜியார். கந்தூரி என்றால் எங்கள் பக்கம் அவுலியாவின் நினைவு நாள் விருந்து, கொடி ஏற்றுவார்கள். இவர் எந்த நாளைக் கண்டார்? வெயில் தணிந்த ஒரு வெள்ளிக்கிழமையாகப் பார்த்து முடிவு செய்தார். கடையில் ஓடாமல் கிடந்த பச்சைத் துணியைக் கிழித்துக் கொடி. கடா ஒன்று. பெரிய தேக்சாவை வைக்க அடுப்புக் கல் வேண்டுமே, ஒரு குவியலில் இருந்தே உருவி எடுத்து மூட்டினார்கள். கறி வெந்துகொண்டிருந்தது. கூரை மேல் கொடி படபடத்தது. அன்று பார்த்து மேற்கே கொஞ்சம் மேகம்.

மேகத்தைப் பார்த்தால் யார் மேலே வருவார் என்று நான் சொல்லவேண்டியதில்லை.

முதலில் கழுதைதான் தெரிந்தது. பின்னால் அர்பாப். கையில் கம்பு, இடுப்பில் நீளமான இரும்புச் சாவி. தன் களஞ்சியத்தின் மேல் பச்சைக்கொடியும், முன்னால் ஒரு ஊர் ஜனமும், புகையும் பார்த்தால் மனுஷனுக்கு எப்படி இருக்கும்? நேரே கதவுக்குப் போனார். சாவியை நுழைத்தார். நுழையவில்லை. துளை முழுக்கச் சந்தனம், மாதக்கணக்கில் அப்பி, காய்ந்து, கல்லாகிவிட்டது. கோடாரி நுனியால் சுரண்டினார். சுரண்டிக்கொண்டே எங்கள் வீட்டுக்காரரைக் கூப்பிட்டார்.

"யார் செத்தது?"

எங்கள் வீட்டுக்காரர் காக்காவைப் பார்த்தார். ஹாஜியார் முன்னே வந்து சுத்தமான அரபியில் எதையோ ஓதினார். அர்பாப் சுரண்டுவதை நிறுத்திவிட்டு அவரை ஏற இறங்கப் பார்த்தார். "என் வீட்டில் யார் செத்தது என்று கேட்கிறேன். இவர் எனக்கு ஓதிக் காட்டுகிறார்."

"அவுலியா, அர்பாப்..." என்றார் எங்கள் வீட்டுக்காரர். "நீங்கதான் கபுர்னு சொன்னீங்களாம்."

"கபுரா? குஃப்ல்! குஃப்ல்!" என்று பூட்டின் மேல் கோடாரியால் தட்டினார். இரண்டு தட்டு. மூன்றாவது தட்டுக்கு அந்தப் பழைய மரப்பூட்டு பிளந்து கையோடு வந்துவிட்டது. அதை அவர் பார்த்த பார்வையை நான் பார்த்தேன். பூட்டைக் கீழே போடாமல் கழுதைச் சேணத்தில் செருகினார். பிறகு கதவைத் தள்ளினார்.

ஜனம் முழுக்கப் பின்வாங்கியது. முணுமுணுவென்று ஓதுகிற சத்தம். ஒரு மேஸ்திரி கண்ணைப் பொத்திக்கொண்டான். உள்ளேயிருந்து மய்யித்து வாசம் வரவில்லை. பழைய மூட்டை பிரித்தால் வருமே, அந்தக் குளிர்ந்த உமி வாசம்தான் வந்தது. மளிகைக்காரன் வீட்டுப் பெண் எனக்கு அது தெரியாதா?

"ஹாஜி, யல்லா, உள்ளே போ," என்றார் அர்பாப்.

ஹாஜியார் சால்வையோடு தவழ்ந்து உள்ளே போனார். அவருடைய பின்பக்கம் வாசலில் கொஞ்ச நேரம் மாட்டிக்கொண்டு நின்றது. சிரிக்கக்கூடாத நேரம், ஆனாலும் நான் முக்காட்டைக் கடித்துக்கொண்டேன். வெளியே வந்தபோது மருதாணித் தாடி முழுக்கப் பதரும் முள்ளும்.

ராத்தா எட்டிப் பார்த்துக் கேட்டாள். "உள்ள யாருங்க?"

"பார்லி."

"பார்லி அவுலியாவா?"

"பார்லிடி! தானியம்! பானை பானையா தானியம்!"

அதோடு விட்டாரா அர்பாப். கம்பை நீட்டி, நெய்ச்சோற்றுத் தட்டோடு உட்கார்ந்திருந்தவர்களைக் காட்டினார். தேக்சா கொதித்துக்கொண்டிருந்த அடுப்பைக் காட்டினார். "கபுர் தேடினீர்கள் அல்லவா? இதுதான். நீங்கள் உட்கார்ந்திருப்பதெல்லாம் கபுர்தான். ஆதி காலத்து ஆட்கள். எங்கள் ஆடுகூட அதில் ஏறினால் விரட்டுவோம்."

எங்கள் வீட்டுக்காரர் அதைத் தமிழில் சொன்னார். முதல் தடவையாகக் காக்காவைக் கேட்காமல் சொன்னார். குவியல்களில் இருந்தவர்கள் தேள் கொட்டின மாதிரி எழுந்தார்கள். டெய்லர் பெண்சாதி குழந்தையை எங்கே உட்கார வைத்திருந்தாளோ அங்கே பார்த்துவிட்டு அழ ஆரம்பித்தாள். எத்தனை வெள்ளிக்கிழமை! கும்பிட்டது குதிரிடம், குந்தினது கபுரில்.

அர்பாப் பிறகு ஒரே ஒரு வார்த்தை சொன்னார். "புக்ரா." நாளைக்கு வருகிறேன் என்று.

இந்த நாட்டில் கபீல் கோபமாக நாளைக்கு என்றால் அதற்கு என்ன அர்த்தமென்று கடைக்காரப் பிள்ளைகளுக்கெல்லாம் தெரியும். இங்கே தர்கா கிர்கா என்று கிளம்பினால் போலீஸ் வரைக்கும் போகும். விசா கேன்சல், கடைக்குப் பூட்டு, விமானம். அன்று வீட்டில் அடுப்பு மூட்டவில்லை. ராத்தா பெட்டியை இறக்கிப் புடவைகளை அடுக்கினாள். ஹாஜியார் சுவர்ப் பக்கம் திரும்பிப் படுத்துக்கொண்டார். அந்த மனுஷன் வாயில் ஒரு அரபி வாசகம்கூட வரவில்லை என்றால் பாருங்கள்.

எங்கள் வீட்டுக்காரர் அறைக்குள் வந்து, "என்னா புள்ள, பயமா இருக்கா?" என்றார்.

நான் டேப்ரிக்கார்டரைப் பார்த்தேன். ஊரில் எனக்குப் பேசின அதே மாதிரிப் பெட்டி, இங்கே அலமாரியில் பாட்டுக் கேட்கக் கிடந்தது. "அதுக்குள்ள இருந்து நீங்க பேசுறத இனி என்னால கேக்க முடியாது," என்றேன். கல்யாணமாகி நான் அவரிடம் நீளமாகப் பேசின முதல் பேச்சு அதுவாகத்தான் இருக்கும். அவர் அலமாரிப் பக்கம் போனார். பெட்டியின் முகத்தைச் சுவர்ப் பக்கம் திருப்பி வைத்தார்.

மறுநாள் அர்பாப் வந்தார். கடைக்குள் ஏறவில்லை, வாசலில் நின்று, "பிக்கப்பை எடு," என்றார். போலீசுக்கா, ஆபீசுக்கா என்று எங்கள் வீட்டுக்காரர் கேட்கவில்லை. சாவியை எடுத்தார். நான் பின்னாலேயே போய் வண்டியில் ஏறிக்கொண்டேன். எங்கிருந்து எனக்கு அந்தத் தைரியம் வந்தது? எங்கே கொண்டு போனாலும் இரண்டு பேரையும் சேர்த்துக் கொண்டு போகட்டும் என்றுதான். அர்பாப் என்னைத் திரும்பிப் பார்த்தார், முன்னால் ஏறிக் கதவைச் சாத்திக்கொண்டார்.

வண்டி மலைக்குத்தான் ஏறியது. கொடியை யாரோ பிடுங்கிப் போட்டிருந்தார்கள். அர்பாப் களஞ்சியத்துக்குள் இறங்கி, பானைகளில் இருந்து தானியத்தை மொண்டு மொண்டு சாக்கில் கட்டிக் கொடுத்தார், நாங்கள் தூக்கி வண்டியில் வைத்தோம். ஆள் உயரப் பானைகள். கதவைவிடப் பெரியவை. பானையை உள்ளே வைத்துவிட்டுத்தான் சுவரே எழுப்பியிருக்கிறார்கள், அதனால் அவற்றை வெளியே எடுக்க வழியில்லை. "இருக்கட்டும்," என்றார். ஏன் எல்லாவற்றையும் காலி செய்கிறீர்கள், விதைக்கவில்லையா, மேகம் வந்திருக்கிறதே என்று எங்கள் வீட்டுக்காரர் கேட்டார்.

அர்பாப் உடைந்த பூட்டு இருந்த இடத்தைக் காட்டினார். "இதைச் செய்கிறவன் இப்போது இல்லை. மாஃபி. உள்ளே என்ன இருக்கிறது என்று ஷார்ஜா வரைக்கும் தெரிந்துவிட்டது. பூட்டு இல்லாதது பூட்டு வீடா? கீழே வந்துவிடு என்று பையன்கள் எத்தனையோ தரம் சொன்னார்கள். கலாஸ், முடிந்தது."

அவர் முன்னால் ஏறி உட்கார்ந்தார். நான் பின்னால் பார்லி மூட்டைகள் மேல். வண்டி ஓடைக்குள் இறங்கியது. எங்களை ஊருக்கு அனுப்பப் போகிறார் என்று நான் பயந்துகொண்டிருந்த மனுஷன், தன் ஊரை விட்டு இறங்கிக்கொண்டிருந்தார், எங்கள் பிக்கப்பிலேயே. பாதி வழியில் அவர் ஏதோ சொன்னார். எங்கள் வீட்டுக்காரர் பின்னால் இருந்த ஜன்னலைத் தட்டினார்.

"என்னாங்க? கேன்சலா?"

"இல்ல புள்ள." அவர் குரல் ஒரு மாதிரி இருந்தது. "அடுத்த மாசத்துல இருந்து மாவு நம்ம கடையிலதான் வாங்குவாராம்."

வீட்டுக்கு வந்து சேதி சொன்னதும் ஹாஜியார் படுக்கையை விட்டு எழுந்து உட்கார்ந்தார். தாடியைத் தடவிக்கொண்டார். "பாத்தியா ஜொஹரா," என்றார், "மலையப்பா கைவிடல." இதற்கு மேல் அந்த ஆளைப் பற்றிச் சொல்ல எனக்குத் தமிழ் பத்தாது. பின்னால் ஊருக்குப் போய்ச் சேர்ந்து, அரபு நாட்டிலேயே ஒரு அவுலியாவைக் கண்டெடுத்தவர் என்று பேர் வாங்கி, கல்யாணப் பந்தலில் முதல் வரிசையில் உட்கார்ந்து, நல்லபடியாகத்தான் வயசாகி மௌத்தானார்.

அர்பாப் சொன்ன சொல் தவறவில்லை. மாதம் ஒருமுறை கடைக்கு வருவார். கப்பலில் எந்தத் தேசத்திலிருந்தோ வந்த கோதுமை மாவு, மூட்டையின் மேல் ஒரு ரோஜாப்பூப் படம். வாயைப் பிரிக்கச் சொல்லி ஒரு பிடி அள்ளி, மூக்கருகே கொண்டுபோய்ப் பார்ப்பார். உள்ளங்கையைத் தட்டிவிட்டு மூட்டையைத் தோளில் தூக்கிக்கொண்டு போவார். முதலில் கோடாரிக் கம்போடு வந்தார், பிறகு கம்பு இல்லாமல், பிறகு மகன் காரில் உட்கார்ந்தபடி. பிறகு மகன் மட்டும். பிறகு அந்த வீட்டிலிருந்து யாரும் வரவில்லை, பெரிய மாலில் எல்லாம் கிடைத்தது. மேலே யாரும் விதைக்கவில்லை. ஒரு மழையில் கூரை விழுந்து பானைகள் நொறுங்கின என்று யாரோ சொன்னார்கள். எங்கள் வீட்டுக்காரரும் போய்விட்டார், சாகும்வரை என் பக்கத்திலேயே இருந்துவிட்டுப் போனார். கடை இருந்த இடத்தில் கார் கழுவுகிறார்கள்.

அந்த மாவைப் பற்றி அர்பாப் ஒரு நாளும் நன்றாயிருக்கிறது என்று சொன்னதில்லை. திரைக்குப் பின்னால் நின்ற நானும் ஒரு நாளும் கேட்டதில்லை.